கோந்துவுக்கு ஒன்பது சொல்

எங்கள் நாயின் பெயர் கோந்து. ஒன்றரை வயதில் வந்தது. வந்த அன்றே என் காலோடு ஒட்டிக்கொண்டதால் அந்தப் பெயர். அதற்கு நான் முதலில் பழக்கியது "இரு". அசையாமல் இருக்க ஒரு சொல் இருந்தால், போதும் எழுந்திரு என்று விடுவிக்கவும் ஒரு சொல் வேண்டும். அதிகம் யோசிக்காமல் "சரி" என்று வைத்துவிட்டேன்.

ஒரு நாள் வாசல் கதவு திறந்திருக்க, கோந்துவை "இரு" என்று உட்கார வைத்துவிட்டுக் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். மறுமுனையில் மகள். "சரிம்மா, சரி, அப்புறம் பேசறேன்" என்றேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது கோந்து தெருக்கோடியில் இருந்தது.

அரை மணி நேரம் தேடிப் பிடித்தேன். திட்ட வாய் வரவில்லை. நான் சொன்னதைத்தானே செய்திருக்கிறது, அதுவும் இரண்டு தடவை சொன்ன பிறகு.

நான் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பில் "உட்கார்" என்று நீட்டிச் சொன்னாலும், அதட்டிச் சொன்னாலும், கண்ணாலேயே சொன்னாலும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நாய்க்கு அப்படி இல்லை. நீங்கள் என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்பது அதற்கு எட்டாது. அந்த ஓசை கேட்டதும் அடுத்து என்ன நடந்தது என்பதை மட்டும் அது கணக்கு வைத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாயும் பாதியும் ஆயிற்று. முதல் நாயைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பொறுக்குங்கள்

வீட்டில் நானும் கணவரும். விடுமுறைக்கு மகள் வருவாள். நான் "உட்கார்" என்பேன். அவர் "உக்காருப்பா" என்பார். அவள் "சிட், சிட், கோந்து, சிட்" என்பாள். கோந்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று படுத்துக்கொள்ளும்.

தமிழில் ஒரு வினையை எத்தனை விதமாகத்தான் சொல்கிறோம்! உட்கார், உட்காரு, உட்காரேன், உட்காருடா, உட்காரச் சொன்னேனா இல்லையா. பலர் நாயிடம் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். "ஸ்டே" என்பதில் எந்த விகுதியும் ஒட்டாது, யார் சொன்னாலும் ஒரே மாதிரி விழும். அப்படி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. தமிழோ ஆங்கிலமோ, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லை ஒரே வடிவத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்: உட்கார், படு, இரு, பார், விடு, தொடாதே, பாய், ஓடியா, ஜாலி. மொத்தம் ஒன்பது.

"பாய்" என்பது அதன் படுக்கை. அங்கே போய்ப் படு என்று பொருள். அதே சொல்லுக்குத் தாவு என்றும் ஒரு பொருள் உண்டு. நல்லவேளை, கோந்துவுக்கு இலக்கணம் தெரியாது.

"ஜாலி"தான் புதிய விடுவிப்புச் சொல். அதற்கு முன்னால் "விடுதலை" என்று வைத்துப் பார்த்தேன். கேட்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் "விடு" என்றால் வாயில் இருப்பதைக் கீழே போட வேண்டும் என்று ஏற்கெனவே பழக்கியிருந்தேன். "விடுதலை" என்றதும் கோந்து பந்தைப் பொத்தென்று போட்டுவிட்டு, எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்தது. ஒரு சொல் முழுதாக இன்னொரு சொல்லின் தொடக்கத்தில் வரும்படி வைக்காதீர்கள். பேச்சில் அடிக்கடி வரும் சொல்லும் ஆகாது. ஓய்வு பெற்ற இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டில் "ஜாலி" தற்செயலாக யார் வாயிலும் வருவதில்லை.

ஒன்பது குறைவு என்று தோன்றலாம். சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொருள்களைப் பெயர் சொன்னதும் எடுத்து வந்தது. அதன் ஆய்வு 2011இல் வெளியானது. பழக்கிய ஜான் பில்லி ஓய்வு பெற்ற உளவியல் பேராசிரியர். மூன்று வருடம், தினமும் நான்கைந்து மணி நேரம் அதனோடு விளையாடி விளையாடியே சொல்லிக்கொடுத்திருக்கிறார். நானும் ஓய்வு பெற்றவள்தான். ஆனால் எனக்கு மதியம் தூங்க வேண்டும். ஒன்பது போதும்.

"டக்" என்றதும் தீனி

நாய் சரியாகச் செய்த நொடிக்கும் தீனி வாய்க்குள் போகும் நொடிக்கும் இடைவெளி கூடினால் பாடம் குழம்பிவிடும். ஒன்றிரண்டு நொடிதான் கெடு. நான் ஆரம்பத்தில் செய்ததைப் பாருங்கள். "உட்கார்" என்பேன். கோந்து உட்காரும். நான் சட்டைப் பைக்குள் கை விட்டுத் தீனிப் பொட்டலத்தின் வாயைப் பிரித்து, ஒரு துண்டைத் தேடி எடுப்பதற்குள் அது எழுந்து, பின்னங்காலால் காதைச் சொறிந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கும். நான் தீனியைக் கொடுத்து "சமத்து" என்பேன். இரண்டே வாரத்தில் கோந்து உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, காதைச் சொறிந்து, கிட்டே வந்து நிற்க அருமையாகத் தேறிவிட்டது. உட்காருவதும் சொறிவதும் சேர்ந்ததுதான் பாடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அரிப்பு என்று நினைத்து மருத்துவரிடம் போகவிருந்தேன்.

இதற்கு ஒரு குறிப்பொலி வேண்டும். சரியாகச் செய்த அதே கணத்தில் ஒலியை எழுப்பினால், தீனி இரண்டு நொடி தள்ளி வந்தாலும் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரிந்துவிடும். கிளிக்கர் என்று சின்னக் கருவி விற்கிறார்கள். நான் இரண்டைத் தொலைத்துவிட்டு, நாக்கால் "டக்" என்று சொடுக்கத் தொடங்கினேன். நாக்கு தொலையாது. ஒலிக்கு மதிப்பு ஏற்றுவது சுலபம். நாய் சும்மா நிற்கும்போது "டக்", உடனே தீனி. இப்படி 15, 20 தடவை. எதையும் செய்யச் சொல்ல வேண்டாம். "டக்" கேட்டதும் தலை சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினால் ஒலிக்கு உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் நாய்களை வைத்து ஆராய்ந்தது செரிமானத்தை. 1904இல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்குத்தான். தீனி கண்ணில் படுவதற்கு முன்பே, தீனி போடும் ஆளைப் பார்த்தாலே நாய்களுக்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். நம் "டக்" அந்த வழியில் வந்ததுதான். ஒரு நிபந்தனை: "டக்" சொன்னால் தீனி வந்தே ஆக வேண்டும். வாய் தவறிச் சொல்லியிருந்தாலும் கொடுத்துவிடுங்கள். கடன் வைக்கக்கூடாது.

தீனி சுண்டுவிரல் நகத்தின் பாதி அளவு இருந்தால் போதும். நாய் எண்ணிக்கையைப் பார்க்கும், எடையைப் பார்க்காது. ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேளை உணவிலிருந்தே ஒரு கைப்பிடியைக் காலையில் தனியாக எடுத்து வைத்துவிடுவேன்.

உட்கார், படு, இரு

தீனியை நாயின் மூக்கு நுனியில் வைத்து, மெதுவாக மேலே, தலைக்குப் பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பிட்டம் தானாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் "டக்". கையை ரொம்ப உயர்த்தினால் எம்பும். பின்னாலேயே நகர்ந்தால் சுவரை முதுகுப்பக்கம் வைத்துச் செய்யுங்கள். பிட்டத்தை அழுத்தாதீர்கள். அழுத்தினால் அது எதிர்த்து நிமிரத்தான் பார்க்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு கையில் தீனி இல்லாமல் அதே சைகையைக் காட்டி, தீனியை மற்றக் கையிலிருந்து கொடுங்கள். இல்லாவிட்டால் தீனியைப் பார்த்தால்தான் உட்காரும் நாய் ஒன்றை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். சொல் கடைசியில்தான் வர வேண்டும். சைகைக்குத் தவறாமல் உட்காரத் தொடங்கிய பிறகு, சைகைக்கு ஒரு நொடி முன்னால் "உட்கார்". ஒரே தடவை. "உட்கார், உட்கார், உட்கார்" என்றால் மூன்றாவதற்குத்தான் உட்கார வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும்.

"படு"வும் அதே மாதிரிதான், தீனி மூக்கிலிருந்து தரைக்கு இறங்கும்.

"இரு"வில்தான் அவசரப்பட்டுக் கெடுப்போம். முதலில் ஒரு நொடி. அப்புறம் இரண்டு. நேரம், தூரம், சுற்றி நடக்கும் அமர்க்களம் என்று மூன்று கணக்கு இருக்கிறது. ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் குறையுங்கள். பத்து விநாடி இருக்கத் தெரிந்தது என்பதற்காகப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு இருக்கச் சொல்வது, கூட்டல் வந்துவிட்டதே என்று பின்னத்துக்குத் தாவுகிற கதை. பத்துக்கு எட்டு தடவை சரியாக வந்தால் கடினமாக்குங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை தப்பினால் ஒரு படி இறங்குங்கள். தீனியை நீங்கள் நாயிடம் போய்க் கொடுங்கள். அதைக் கூப்பிட்டுக் கொடுத்தால் எழுந்து வருவதற்குக் கூலி கொடுத்ததாக ஆகும்.

சமையலறையில் உட்காரும் நாய் தெருவில் உட்காராது. அது திமிர் இல்லை. அதைப் பொறுத்தவரை அந்தப் பாடத்தில் சமையலறையும் சேர்ந்திருக்கிறது. கூடத்தில், மாடிப்படியில், வாசலில், தெருவில் என்று ஒவ்வோர் இடத்திலும் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் வந்துவிடும். ஒரு பாடம் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. நான் 45 நிமிடப் பீரியடுக்குப் பழகியவள். நிறுத்தக் கற்றுக்கொள்வதுதான் எனக்குப் பெரிய பயிற்சி.

கூப்பிட்டால் வருவது

இப்போது என் முதல் நாய். அதை "வா" என்று கூப்பிடுவேன். எதற்கெல்லாம்? குளிப்பாட்ட, நகம் வெட்ட, விளையாட்டை முடித்துக் கட்டிப்போட, நான் வெளியே கிளம்பும்போது உள்ளே விட்டுப் பூட்ட. ஒரு தடவை கேட்டைத் தாண்டி ஓடிவிட்டது. இருபது நிமிடம் கழித்துத் தானாகத் திரும்பி, தயங்கித் தயங்கி என் காலடிக்கு வந்தது. முதுகில் ஓர் அடி போட்டேன். ஓடியதற்கு அடித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கோ, வந்ததற்கு விழுந்த அடி. அதன் பிறகு சாகும் வரை அது என் கைக்கு எட்டாத தூரத்தில் வந்து நிற்கும், அதற்கு மேல் ஓர் அடி வைக்காது. பதினொரு வருடம். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் கோந்துவுக்கு "வா" இல்லை. வீட்டில் நாள் முழுக்க யாராவது யாரையாவது "வா, வாங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஓடியா" என்று புதிதாக ஒரு சொல். அதற்கு மட்டும் ஒரு சட்டம்: அந்தச் சொல்லுக்குப் பிறகு கோந்துவுக்குப் பிடிக்காத எதுவும் நடக்கக்கூடாது. குளிப்பாட்ட வேண்டுமா, நானே எழுந்து போய்க் கூட்டி வருவேன்.

வீட்டுக்குள் இரண்டு பேர் இரண்டு மூலையில் நின்று மாறி மாறிக் கூப்பிட்டுத் தொடங்குங்கள். வந்ததும் சாதாரணத் தீனி போதாது. இதற்கென்றே ஒதுக்கி வைத்த உயர்ந்த சரக்கு வேண்டும். கோந்துவுக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி. அது வேறு எதற்கும் கிடைக்காது. வீட்டில் தவறாமல் வந்தால் வெளியே, 10 மீட்டர் நீளக் கயிற்றில். நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் போடும் வாரான ஹார்னஸில் மாட்டுங்கள். ஓடிய வேகத்தில் கயிறு இறுகினால் கழுத்து தாங்காது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வந்ததும் பிடித்துக் கட்டிக் கூட்டிப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் "ஓடியா" என்பது கடையை மூடும் மணியாகிவிடும். ஒரு நடையில் பத்துத் தடவை கூப்பிட்டால், ஒன்பது தடவை தீனி கொடுத்து "ஜாலி" என்று திருப்பி அனுப்புங்கள். வந்தால் கோழியும் கிடைக்கிறது, விளையாட்டும் போகவில்லை என்றால் வராமல் என்ன செய்யும்?

வராது என்று நிச்சயமாகத் தெரிந்தால் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். சொல் வீணாகும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கம் நடந்து போங்கள். தப்பித்தவறிக் கயிறு இல்லாமல் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு விளையாட்டு. எதிர்ப்பக்கமாகத் திரும்பி, கத்திக்கொண்டே நீங்கள் ஓடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்குக் கூரியர் விஷயத்தில் கோந்து கடைசியில் வந்தது இப்படித்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் எதிர்த்திசையில் ஓட, அது என்னைத் துரத்திக்கொண்டு வந்தது.

கயிறு

கயிறு இறுகினால் நில்லுங்கள். தளர்ந்தால் நடங்கள். இவ்வளவுதான் விதி. முதல் நாள் தெருக்கோடிக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று எட்டு வைப்பேன், இழுக்கும், மரம் மாதிரி நிற்பேன், அது திரும்பிப் பார்க்கும், கயிறு தொய்யும், மறுபடி நடப்பேன். நாய் உங்கள் காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் தீனியை உங்கள் கால் ஓரமாகவே கொடுங்கள். தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் இருக்கும். நெஞ்சுப் பக்கம் வளையம் இருக்கும் ஹார்னஸ் உதவும், இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும்.

மோப்பம் பிடிக்க விடுங்கள். நடை அதற்காகத்தான். கம்பத்தின் அடியில் இரண்டு நிமிடம் மூக்கை வைத்திருந்தால், யார் வந்தார்கள் போனார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறது. நாம் கையில் போனோடு உட்காரும்போது யாராவது கழுத்தைப் பிடித்து இழுக்கிறார்களா?

மூன்று வாரத்தில் என்னோடு ஒழுங்காக நடந்தது. கணவரோடு போனால் மட்டும் உழவு மாடு மாதிரி இழுத்தது. "பாவம், ஒரு நாளைக்கு ஒரு தடவை இழுத்தால் என்ன?" என்பார். எப்போதாவது பலித்தால்தான் இன்னும் விடாமல் இழுக்கும். சூதாட்ட எந்திரத்தின் முன்னால் ஆட்கள் மணிக்கணக்கில் உட்காருவதும் அதே காரணத்தால்தான். கடைசியில் நான் அவரைத் திருத்தவில்லை. அவருக்கு ஒரு ஹார்னஸ், எனக்கு ஒரு ஹார்னஸ் என்று வாங்கிவிட்டேன். நீல ஹார்னஸ் மாட்டினால் இழுக்கலாம், சிவப்பு மாட்டினால் கூடாது. நாய் ஒரே வாரத்தில் இதைப் பிரித்துக்கொண்டது.

சாப்பாட்டு மேசையிலும் அவரால் ஒரு கதை உண்டு. கோந்து மேசைக்குக் கீழே நின்று குரைக்கும், அவர் ஒரு வாய் போடுவார். இனிமேல் யாரும் எதுவும் போடக்கூடாது என்று முடிவெடுத்தோம். குரைப்பு குறைய வேண்டும் அல்லவா? கூடியது. எட்டு நாள் காது கிழிந்தது. இது இயல்புதான். பலித்துக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று பலிக்காமல் போனால், கைவிடுவதற்கு முன் ஒரு தடவை உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும். லிஃப்ட் வராவிட்டால் நாமும் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குவோமே, அதுபோல. ஒன்பதாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை, போட்டுவிட்டார். ஒன்பது நாள் குரைத்தால் கிடைக்கும் என்று அன்றைக்கு அது தெரிந்துகொண்டது. அதன் பிறகு குரைப்பை மட்டும் நிறுத்தப் பார்க்காமல், சாப்பிடும் நேரத்தில் "பாய்" என்று அனுப்பி, அங்கே படுத்திருப்பதற்குத் தீனி கொடுத்தோம். என்ன செய்யக்கூடாது என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்றும் காட்ட வேண்டும். வந்தவர்கள் மேல் தாவும் நாய்க்கும் இதே மருந்துதான்: நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் கொஞ்சல். தாவினால் முதுகைக் காட்டுங்கள். ஆனால் "பரவாயில்லை, எனக்கு நாய் பிடிக்கும்" என்று சொல்லித் தட்டிக்கொடுக்கும் விருந்தாளியை நான் இன்னும் பழக்கி முடிக்கவில்லை.

யார் தலைவன் என்கிற பேச்சு

"நாய்க்கு நீங்கள்தான் தலைவன் என்று காட்டுங்கள், மல்லாத்திப் பிடித்து அமுக்குங்கள்" என்று யாராவது உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். இதன் வேர் ஓநாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. ருடால்ஃப் ஷென்கல் 1947இல் எழுதியது, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து. வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவற்றை ஒரே கூண்டில் போட்டால் சண்டை வராமல் என்ன வரும்? காட்டில் பல வருடம் ஓநாய்களைப் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஓர் அப்பா, ஓர் அம்மா, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பம் என்று காட்டினார். தவிர, நாய் ஓநாயும் இல்லை. மல்லாத்தி அமுக்கினால் கை பயத்துக்குரியது என்று நாய் தெரிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

குற்ற உணர்ச்சி முகமும் அப்படித்தான். ஒரு நாள் செய்தித்தாளின் நடுப்பக்கம் கிழிந்து கிடந்தது. "யார் செய்தது?" என்று அதட்டினேன். கோந்து காதை மடக்கி, வாலை ஒடுக்கி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. முகமே ஒப்புக்கொள்கிறது பார் என்று நினைத்தேன். மாலையில் கணவர் குறுக்கெழுத்துப் புதிரை அவர்தான் கிழித்து எடுத்ததாகச் சொன்னார். நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு இல்லை. எஜமானர் திட்டினால் அந்த முகம் வருகிறது. கோபம் வேண்டாம் என்று நம்மைக் கெஞ்சும் முகம் அது. மூன்று மணி நேரம் முன்பு கடித்த செருப்பைக் காட்டித் திட்டுவதில் பைசா பிரயோஜனம் இல்லை. செருப்பை உயரத்தில் வையுங்கள்.

உறுமினால் மட்டும் திட்டவே திட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கலாம். சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறதென்றால், தட்டைப் பிடுங்காமல், அது அமைதியாக இருக்கும் தூரத்தில் நின்று இன்னும் நல்லதாக ஒன்றை எறிந்துவிட்டு விலகிப் போங்கள். நாளடைவில் நீங்கள் வருவது லாபம் என்று ஆகிவிடும். கடித்துவிட்டதென்றாலோ, சாதுவான நாய் திடீரென்று மாறினாலோ முதலில் கால்நடை மருத்துவர். வலியில் இருக்கும் நாய்க்குப் பாடம் ஏறாது.

தனியாக இருப்பது

காலோடு ஒட்டிய நாய்க்கு நான் கதவைச் சாத்தினாலே உலகம் முடிந்துவிடும். செல்போனைக் கூடத்தில் வைத்துப் படம் பிடித்தேன். நாற்பதாவது விநாடியில் முனகல், மூன்றாவது நிமிடத்தில் கதவைச் சுரண்டல், பிறகு ஊளை. தரையெல்லாம் எச்சில். பக்கத்திலேயே பிடித்த தீனியை அடைத்த ரப்பர் பொம்மை கிடந்தது, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இது கவனிக்க வேண்டிய அடையாளம். சலிப்பில் மெல்லும் நாய் பொம்மையைத் தின்னும், பயத்தில் இருக்கும் நாய் தின்னாது. சலிப்பு என்றால் நடையும் விளையாட்டும் போதும். பயம் என்றால் வேறு வேலை.

முதலில் சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு காய் நறுக்கினேன். சாவிச் சத்தத்துக்கு அது எழுந்திருக்காமல் ஆன பிறகு, கதவுக்கு வெளியே 5 விநாடி. பிறகு 10, 7, 20, 5. ஏறுவரிசையாகவே போனால் அடுத்தது கடினம் என்று கண்டுபிடித்துவிடும், அதனால் கலைத்துப் போடுங்கள். முனகுவதற்கு முன்பே திரும்பி வர வேண்டும். இந்தக் காலத்தில் அது தாங்கும் நேரத்துக்கு மேல் தனியாக விடவே கூடாது என்பதுதான் கஷ்டம். கணவரும் நானும் முறை வைத்துக்கொண்டு வெளியே போனோம், ஒரு திருமணத்துக்கு அவர் மட்டும் போனார். இரண்டு மணி நேரத்தை எட்ட நான்கு மாதம் பிடித்தது. இதற்கும் மசியாத நாய்களுக்கு மருத்துவர் மருந்து தருவதுண்டு. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குட்டியாக வந்தால், அப்புறம் சில எச்சரிக்கைகள்

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பார்த்து, இது பயப்பட வேண்டியது, இது வேண்டாதது என்று பிரித்துக்கொள்ளும் காலம். தடுப்பூசி முடிவதற்கோ சுமார் 16 வாரம் ஆகிவிடும். அதுவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்காமல், தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் குடை, தொப்பி, குழந்தைகள், சக்கர வண்டி எல்லாவற்றையும் காட்டுங்கள். சிறுநீரை, மாதக் கணக்கில் வயது எத்தனையோ அதோடு ஒன்று கூட்டிய மணி நேரம்தான் அடக்கும், அதுவும் அதிகபட்சம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கூட்டிப்போய், போன இடத்திலேயே தீனி கொடுங்கள். உள்ளே போய்விட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கைத் தேய்ப்பது பழைய காட்டுமிராண்டித்தனம். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். மாலையில் பேய் பிடித்த மாதிரி கடித்துக்கொண்டு ஓடினால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு சேர்த்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு விஷம். "தொடாதே" பாடத்தை இதற்காகவே சொல்லிக்கொடுங்கள். வெயிலில் கிளம்புமுன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

பூனை

கோந்துவுக்கு இன்னும் வராத பாடம் பூனை. பூனையைக் கண்டால் காது அடைத்துவிடும், கோழியும் "ஓடியா"வும் கண்ணில் படாது. ஆனால் 30 மீட்டர் தள்ளி நின்றால் பூனையைப் பார்க்கவும் செய்யும், நான் கூப்பிட்டால் திரும்பவும் செய்யும். அந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்கினேன். அது பூனையைப் பார்த்த கணத்தில் "டக்", தீனி. மறுபடி பார்க்கும், "டக்". நாலைந்து நாளில், பூனை தெரிந்ததும் தீனி எங்கே என்று தானாகவே என் பக்கம் திரும்பத் தொடங்கியது. அப்போது இரண்டு எட்டு முன்னால் வைத்தேன். கயிறு விறைத்தால் மூன்று எட்டுப் பின்னால். எட்டு மாதமாகிறது. இப்போது 12 மீட்டரில் நிற்கிறோம். பூனை மதில் மேல் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.